மேஸ்திரி சுமந்து வந்த மண்

அந்தச் சாக்கைப் பிரித்ததும் காளான் வாசனை வந்தது. கறுத்த மண், அதில் நூல் நூலாக வெள்ளைப் பூசணம். வெள்ளைக்காரன் காலம் அது; மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டுக்கு ரோடு கிடையாது. வேறொரு மலையின் ஊசியிலை மரங்களுக்கு அடியில் எடுத்த மண்ணை அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து தலையிலேயே சுமந்து வந்திருந்தார் நாற்றுப்பண்ணை மேஸ்திரி.

"இது மண்ணில்ல கண்ணு, உறைமோரு. பாத்திக்கு ஒரு பிடி போதும். கன்னு நிமுந்துரட்டும், என்ர கழுத்து அப்புறம் நிமுந்துக்கும்" என்று சிரித்தார். இரண்டு வருஷமாகப் பண்ணையில் ஊசியிலை மரக்கன்றுகள் மஞ்சளித்துச் செத்திருந்தன. இந்தத் தடவையும் போனால் மேஸ்திரிக்கு வேலை இல்லை என்று துரை சொல்லியிருந்தார்.

மண்ணைப் பாத்தியில் கலக்கும் வேலை எனக்கு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பூசணம் பிடித்த சாமையை நாங்கள் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. தீ வைத்த புனக்காட்டில்தான் சாமை செழிக்கும், அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். மேஸ்திரி செம்மேட்டுக்குப் போயிருந்தபோது மண்ணைப் பாறையில் பரப்பிச் சருகு போட்டு எரித்தேன். ஆறியதும் பாத்திகளில் கலந்தேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை; ஆண்களிடம் வாய் திறந்து பேச எனக்கு வராது.

நாலு மாதத்தில் கன்றுகள் மஞ்சளித்தன. வெறும் சாக்கை நான் உதறிய மூலையில் மட்டும், எரியாத மண் விழுந்த இடத்தில், மூன்று கன்றுகள் கரும்பச்சையாக நின்றன. பார்த்ததும் புரிந்துவிட்டது. அன்றைக்குத் துரை வருகிறார். இவற்றைக் கண்டால் விசாரிப்பார்கள், நான் எரித்தது தெரிந்துபோகும். மூன்றையும் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டேன்.

மேஸ்திரி தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி துரை முன்னால் நின்றார். "நல்ல மண்ணுதானுங்க. எங்க தப்புச்சுன்னு தெரீலீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங் கண்ணு, நீ கலந்தியல்ல?" என்றார்.

தலையாட்டினேன். அது பொய்யில்லை. அதுதான் இன்னும் கூசுகிறது.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். "வாரேன் கண்ணு, கன்னுக்குத் தண்ணி ஊத்த மறந்துறாத" என்று சொல்லி மலையிறங்கினார். மடியில் இருந்தவை என் வயிற்றைக் குத்தின.

போன மாதம் என் மகள் செம்மேட்டு ஆபீசிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தாள். மரக்கன்றின் வேரில் போடுகிற நுண்ணுயிர் மண்ணாம். பிரித்தேன். அதே காளான் வாசனை.

"வெயில்ல வெச்சறாதம்மா, உள்ள உசுரு இருக்குது" என்றாள்.

தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தலையைத்தான் ஆட்டியிருப்பேன்.