பொன்முலாமும் புளியும்

தன்னாமுனையில் எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி, கண்புரை ஒப்பரேசனுக்காகக் கொழும்பிலுள்ள மகள் வீட்டுக்குப் போகும்போது, தன் நீலக் கண்ணாடிச் சாடியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். பறங்கியர் வீட்டுப் பழைய சாமான். ஐரோப்பாவில் எங்கோ செய்ததாம். காலும் வாய்விளிம்பும் கைப்பிடிகளும் பொன்முலாம் பூசிய உலோகம். கைப்பிடியில் திராட்சைக் கொடி சுற்றியிருக்கும்.

“உடைக்காமப் பாத்துக்க புள்ள. வேறொண்டும் செய்யத் தேவல்ல,” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை. பூனை தட்டிவிடுமோ, ஓடு விழுமோ. கடைசியில் பழைய சேலை சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். பயந்ததெல்லாம் கண்ணாடிக்குத்தான்.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வந்தது. வீட்டு விளக்கு, செம்பு எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். சாடியை எடுத்துப் பார்த்தால் காலில் கறுப்புப் புள்ளிகள். வாவிக் காற்றின் உப்புப் பிடித்து என் கையில் பழுதாகிவிட்டதே என்று பதறி, அதற்கும் அதே புளியைப் போட்டேன். பளபளத்தது. சந்தோசப்பட்டேன். கொஞ்ச நாளில் வெறும் பித்தளையாக மங்கி நின்றது. கொடியின் மடிப்புகளில், என் விரல் போகாத இடத்தில் மட்டும், பழைய பொன் ஒட்டியிருந்தது.

எட்டாம் வகுப்போடு நின்றவள், இதெல்லாம் எனக்கெப்படித் தெரியும் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் நினைத்தேன்: ஒப்பரேசன் அவ்வளவு சரியாக வராவிட்டால் நல்லது. சத்தமாகச் சொல்லிவிட்டதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்ரி ஒரு கண்ணில் ஒப்பரேசன் முடிந்து, நல்ல பார்வையோடு வந்தார். சாடியை யன்னலடியில் வைத்துப் பார்த்தார்.

“நீலம் என்ன வடிவு, கண்டியா. பொன்தான் பித்தளை மாதிரிக் கிடக்கு. நிறமெல்லாம் மாறித் தெரியுமெண்டு டொக்டர் சொன்னவர்.”

“ஓம் அன்ரி, அப்படித்தான் இரிக்கும்.”

அதற்குப் பிறகு அவர் அந்தக் கண்ணை நம்பவில்லை. மீன்காரன் வந்தால் என்னைக் கூப்பிடுவார். “செவுள் சிவப்பா இரிக்கா, பாத்துச் சொல்லு.” போட்ட வேலையைப் போட்டபடி விட்டு ஓடுவேன்.

போன கிழமை சொன்னார்: “மத்தக் கண்ண நான் வெட்டுறல்ல புள்ள. அந்தக் கண்ணாவது பொன்னப் பொன்னாக் காட்டட்டும்.”

வாசலுக்குப் போனவள் திரும்பினேன்.

“அன்ரி, ஒங்கட கண்ணில குறையில்ல. நான்தான் புளி போட்டுத் தேய்ச்சன்.”

“புளி போட இதென்ன மீன் சட்டியா?” என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது. சாடியைப் பார்க்கவில்லை, அந்த நல்ல கண்ணால் என்னைப் பார்த்தார்.

“அப்ப அண்டைக்கு ஓமெண்டியே?”

அவர் போனை எடுத்து, என்னைக் கேட்காமல், தானே இலக்கங்களைப் பார்த்து மகளுக்கு அழுத்தினார். மற்றக் கண்ணுக்கு நாள் எடுக்கச் சொன்னார். போவதா நிற்பதா என்று தெரியாமல் நான் வாசலில் நின்றேன்.