அறிக்கைக்குள் வந்த வெள்ளரி மணல்

அணை கட்டி மின்சாரம் எடுத்தால் ஊருக்கும் ஆற்றுக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதித் தருவதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடி. தொண்ணூறுகளின் கடைசி. கன்னடம் சரளமாக வரும் என்பதால் மக்கள் கருத்தைக் கேட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

வடக்கே அணை வரவிருந்த ஊரில் கூட்டம் போட்டபோது ஆண்கள் மட்டுமே பேசினார்கள். ‘பெண்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எங்கள் மேலதிகாரி அறிக்கையில் ஒரே வரியில் முடித்துவிட்டார். அது எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது. ஒருநாள் காலையில் அந்த ஊர்ப் பெண்கள் பஸ் பிடித்து, சோள ரொட்டியும் வேர்க்கடலைச் சட்னியும் கட்டிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார்கள். நாற்காலிகளை ஓரம் தள்ளித் தரையில் உட்கார்ந்தார்கள். மேலதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி.

கோடையில் ஆறு வற்றியதும் மணலில் அவர்கள் வெள்ளரி போடுவார்களாம். அணை வந்தால் மூழ்கப் போகும் அந்த மணலுக்குப் பட்டா கிடையாது. அறிக்கையில் ஏறாவிட்டால் நஷ்டஈடும் கிடையாது.

நான் பேனாவை எடுத்தேன். முன்னால் இருந்த அக்கா என் கையை அமர்த்தினார்.

“எங்க வீட்டுக் கதையெல்லாம் கேக்கற, தங்கி. மொதல்ல உன் ஊரு எது, சொல்லு” என்றார் கன்னடத்தில். தங்கி என்றால் தங்கை.

“கோலார் தங்கவயல். சுரங்கத்த மூடப் போறாங்க.”

“உங்க வீட்டுக்கு வந்து யாரு கேட்டாங்க?”

“யாரும் கேக்கல.” சொல்லும்போதுதான் எனக்கே சுருக்கென்றது.

“சரி, நாங்க கேக்கறோம். வீட்ல எத்தன ரூமு? ஆடு மாடு உண்டா?”

அத்தனையும் அவர்கள் ஊரில் நான் கேட்ட கேள்விகள்! சிரிப்பை அடக்க முடியவில்லை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஓர் அறை லைன் வீடு, ஷிப்டு சங்கு, அப்பா சுரங்கத்திலிருந்து ஏறி வரும்வரை அம்மாவுக்குச் சோறு இறங்காதது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்துவிட்டது. ரொட்டியைக் கையில் திணித்து, தின்னு என்றார்கள். பிறகு அவர்கள் ஆரம்பித்தார்கள் பாருங்கள், எழுதி எழுதி என் கை ஓய்ந்துபோனது.

அவர்கள் எழுந்து போவதாக இல்லை. எதிரிலேயே உட்கார்ந்திருக்க, மேலதிகாரி நான் எழுதியதை முணுமுணுத்தபடி படித்தார். படித்து முடித்து, ‘ஆட்சேபணை இல்லை’ என்ற அந்த ஒற்றை வரியை அடித்துவிட்டார். வெள்ளரி மணலுக்குத் தனி அத்தியாயமே போட்டோம்.

மாலையில் பிரேசர் டவுன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டுப் போனுக்கு அப்பாவை வரவழைத்தேன்.

“அப்பா, இன்னிக்கு நம்ம வீட்டப் பத்திக் கேட்டாங்கப்பா.”

“யாரு, கவர்மெண்டா?”

“இல்லப்பா, ஆத்தங்கரைப் பொம்பளைங்க.”



“நீ என்ன சொன்ன? ஒண்ணு விடாம சொல்லு” என்றார்.