அவள் காதில் நான் சொன்னது

பெயர்ப்பலகையில் பல்கலைக்கழகம் என்று மாற்றி எழுதி அப்போது அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன் அது ஒரு பொறியியல் கல்லூரி. பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் பாதி பூசிய கட்டடங்களும், வாசலில் பெரிய வளைவும் தெரியும். நான் முதலாண்டு பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினேன். பொறியியல் படிக்க வருகிற இடத்தில் இயற்பியல் ஆசிரியரை யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. மேனாம்பேட்டில் வீடு, கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை, மகன் எட்டாம் வகுப்பு. காலையில் கல்லூரிப் பேருந்தில் ஏறி, மாலையில் இறங்கினால் போதும் என்று இருந்தேன்.

என்னைத் தேர்ந்தெடுத்தவர் டீன். நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்வி கேட்டார், தலையாட்டினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருடன் நான் தனியாகப் பேசியதே கிடையாது. ஆனால் டீனுக்கும் பதிவாளருக்கும் ஆகாது என்பதும், டீன் காலத்தில் சேர்ந்தவர்கள் எல்லோரும் பதிவாளர் கணக்கில் டீனின் ஆட்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

பேருந்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர் கணிதம் நடத்துகிற ஓர் அம்மா. திண்டுக்கல் பக்கம். கணவருக்கு ஐ.டி. கம்பெனி, அம்பத்தூரில் புது ஃபிளாட். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் பழக்கம் பிடித்துக்கொண்டது. டப்பாவைத் திறந்து மாற்றிக்கொள்வோம். அவர் வீட்டுப் பருப்புப் பொடி எனக்கு, என் வீட்டு வஞ்சிரம் வறுவல் அவருக்கு.

அந்த வருடம் மழை முடிந்ததும் விடுதிக் குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. ஒவ்வொருவராகப் பிள்ளைகள் காமாலை என்று ஊருக்குப் போனார்கள். வகுப்பில் இடைவெளி தெரிந்தது. பேருந்தில் ஒருநாள் நான்தான் சொன்னேன், "இந்தத் தண்ணியப் பத்தி யாராச்சும் கேக்கணும்பா." அவர் "ஆமாங்க, பாவம் பிள்ளைங்க" என்றார். பிறகு இருவரும் ஃபிளாட்டுக்கு ஜன்னல் திரை வாங்குவதைப் பற்றிப் பேசினோம்.

சில நாள் கழித்து, காலையில் நாங்கள் போய் இறங்கும்போது நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூச்சல் ஒன்றும் இல்லை. வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விடுதிப் பிள்ளைகளோடு வீட்டிலிருந்து வருகிறவர்களும் சிலர் இருந்தார்கள். நான் அந்த வழியாகத்தான் என் அறைக்குப் போகவேண்டும். ஓரத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தி தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நெமிலிச்சேரியிலிருந்து வருகிறவள். அவளுடைய தோழிக்குக் காமாலை. முகம் வெளுத்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் பாட்டிலைக் கொடுத்தேன். குனிந்து, "காலைல சாப்டியாடி?" என்று கேட்டேன். இல்லை என்றாள். பையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு எழுந்து வகுப்புக்குப் போனேன். அவ்வளவுதான் நடந்தது.

மதியத்துக்குள் போராட்டம் கலைந்தது. மாலைப் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அந்த அம்மா முன்னால் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார். தலைவலியாக இருக்கும், காற்று வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் என்னை அழைத்தார்கள். குளிர்சாதனம் போட்ட அறை, நீள மேசை. பதிவாளரும் இன்னும் இரண்டு பேரும். சுவரில் இருந்த பெரிய திரையில் யாரோ போனில் எடுத்த காட்சியை ஓட்டினார்கள். அதில் சத்தம் இல்லை. நான் பிள்ளைகளோடு உட்கார்வது, ஒரு பெண்ணைத் தோளோடு அணைப்பது, அவள் காதருகில் குனிவது. அங்கே நிறுத்தினார்கள்.

"இங்க என்ன சொல்றீங்க மேடம்?"

"சாப்டியான்னு கேட்டேன் சார்."

ஒருவர் சிரித்தார். பதிவாளர் சிரிக்கவில்லை. "பசங்க உக்காந்து போராடறாங்க. நீங்க நடுவுல போய் உக்காந்து, காதுல ரகசியமா, சாப்டியான்னு கேட்டீங்க."

"ஆமா சார்."

திரையில் நான் குனிந்தபடியே இருந்தேன். என் புடவையின் கீழ்க்கரை பிரிந்து தொங்குவது தெரிந்தது. இதற்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. அந்த அறையில் இருந்தவரை எனக்குத் தெளிவாகத் தோன்றிய ஒரே எண்ணம் அதுதான். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. ஊசி போட்ட பல் மாதிரி உள்ளே எல்லாம் கனமாக இருந்தது.

பிறகு அந்தக் கணித அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல் மேசையின் நுனியைப் பார்த்துப் பேசினார். "தண்ணியப் பத்தி யாராவது கேக்கணும்னு இவங்க பஸ்ல சொன்னாங்க சார்."

"எப்போ? போராட்டத்துக்கு முன்னாடியா?"

"முன்னாடிதாங்க சார்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் சொன்னதைத்தான் சொன்னார். 'ஆமாங்க, பாவம் பிள்ளைங்க' என்று அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். அதை யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

அவர் போனதும் பதிவாளர் குரலை இறக்கினார். "பாருங்க மேடம், நீங்க குடும்பத்துக்காரங்க. இதெல்லாம் நீங்களா செய்ய மாட்டீங்க. டீன் சார் போகச் சொன்னாரு, போனீங்க. அதை மட்டும் சொல்லுங்க. உங்க பேர் இதுல வராது."

"அவரு எங்கிட்ட பேசவே இல்லையே சார்."

"யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். டீன் எங்கே நின்று அதைச் சொல்லியிருப்பார், என்ன வார்த்தையில் சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்ய முயன்றேன். அவருடைய குரல்கூட எனக்குச் சரியாக நினைவுக்கு வரவில்லை. "இல்ல சார்" என்றேன். நேர்மை, துணிச்சல் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை. அந்த வாக்கியத்தைக் கோத்தெடுக்க என்னிடம் தெம்பு இல்லை.

அன்றிலிருந்து என் வகுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். என்னை மாடியில், இன்னும் வண்ணம் அடிக்காத ஓர் அறையில் உட்காரச் சொன்னார்கள். மேசை, நாற்காலி, ஃபேன். வேலை எதுவும் இல்லை. காலையில் விரல் வைத்து வருகை பதிவேன், மேலே போவேன், மாலையில் இறங்குவேன். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் அந்த மேசையில் இருப்பவர்கள் அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். மாணவர்களைக் கிளப்பிவிட்டவள் என்று தொடங்கி, டீனிடம் இதற்காக ஏதோ வாங்கிக்கொண்டவள் என்பது வரை பேச்சு வளர்ந்ததாக ஆய்வக உதவியாளர் ஒருவர் சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டையோடு ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றார்.

"மேடம், நான் நெமிலிச்சேரிலேர்ந்து வரேன். அன்னிக்கு நீங்க தண்ணி குட்த்தீங்களே, அந்தப் பொண்ணோட அப்பா."

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"என்னைக் கூப்ட்டு, உம்பொண்ணு டிசிய வாங்கினு போய்கினே இருன்னாங்கோ மேடம். மேடம்தான் உக்கார சொன்னாங்கோன்னு அத்த சொல்ல சொல்லு, ஒண்ணும் பண்ண மாட்டோம்னாங்கோ. அதும் சொல்லிட்ச்சு. நான்தான் சொல்ல சொன்னேன். அது அழுதுகினே கீது, சோறு துன்ன மாட்டேன்னுது. எங்க ஊட்ல காலேஜ் படி ஏறுனது அது ஒண்ணுதான் மேடம். நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க."

"டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் திட்டுவேன் என்று தயாராக வந்திருக்கவேண்டும். "வேணாம் மேடம்" என்றார்.

"அவளை நல்லா படிக்கச் சொல்லுங்க. நான் கோச்சிக்கலன்னு சொல்லுங்க."

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார். உள்ளே வந்ததும் என் கணவர் கத்தினார். "இன்னா பொம்பள நீ? உன் பொயப்புல மண்ணப் போட்டுட்டு வாசல்ல வந்து நின்னு சொல்றான், டீ சாப்டறியான்னு கேக்கற! நாலு வார்த்த கேக்கத் தெரியாதா?"

"கேட்டு?"

"கேட்டு... மனசு ஆறும்ல."

அவருக்குத்தான் மனசு ஆறவேண்டியிருந்தது. அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நான் மகனுடைய சீருடையை இஸ்திரி போட்டேன்.

ஒரு மாதத்துக்குள் டீன் ராஜினாமா செய்தார். வேறு ஊரில் இதைவிடப் பெரிய பதவி என்றார்கள். பிரிவுபசார விழாவில் பதிவாளரே அவருக்குச் சால்வை போட்டார், இருவரும் சிரித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அழைப்பு இல்லை. மாடி ஜன்னலிலிருந்து டீனின் கார் போவதைப் பார்த்தேன். இப்படி ஒருத்தி அவர் பெயரைச் சொல்லாமல் மேலே உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டீன் போனதும் என்னை மறந்துவிட்டார்கள். சேர்க்கைக் காலம் தொடங்கியிருந்தது. ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி. எங்கள் பல்கலைக்கழகக் கடையில் நின்று பெற்றோருக்கு விவரம் சொல்ல என்னை அனுப்பினார்கள். "விடுதி வசதியெல்லாம் எப்படி மேடம்?" என்று ஒரு தாய் கேட்டார். வண்ணத்தாளைக் கையில் கொடுத்து, "இதுல எல்லாம் போட்டிருக்குங்கம்மா" என்றேன்.

அதற்கு மறுநாள்தான் நானாகப் பதிவாளர் அறைக்குப் போனேன். விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதெல்லாம் முடிஞ்சு போச்சு மேடம். அடுத்த செமஸ்டர் கிளாஸ் எடுங்க."

"என் மேல தப்பில்லன்னு எழுதிக் கொடுங்க சார்."

அவர் உண்மையான வியப்போடு என்னைப் பார்த்தார். "தப்புன்னு நாங்க எழுதினாதானே மேடம், இல்லைன்னு எழுத முடியும்? உங்க மேல நாங்க ஒண்ணுமே எழுதலையே."

நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. வெளியே வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேலே போய் விலகல் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அலுவலகத்தில் இருந்தவரைக் கேட்டேன். "எல்லாரும் சொந்தக் காரணம்னுதான் போடுவாங்க மேடம்" என்றார். அதையே போட்டேன்.

இப்போது திருநின்றவூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் இருக்கிறேன். சம்பளம் குறைவு, ரயில் பயணம். போன மாதம் அண்ணனூர் ஸ்டேஷனில் அந்தக் கணித அம்மாவைப் பார்த்தேன். உறவினர் வீட்டுக்கு வந்தவராம். அவர்தான் என்னிடம் வந்தார்.

"எப்படி இருக்கீங்க? இளைச்சுப் போயிட்டீங்க."

"நல்லாருக்கேன்."

முழங்கால் வலி, பிள்ளைகளின் டியூஷன், ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யாதது என்று பேசினார். நானும் பதில் சொன்னேன். விடுதிக்கு இப்போது கேன் தண்ணீர்தான் வருகிறதாம், யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வருவதில்லையாம். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலைங்க அன்னைக்கு."

"இல்ல. நீங்க சொல்லல."

அவர் கண் கலங்கியது. எனக்கு அவருடைய கை ஈரமாக இருப்பது மட்டும் தெரிந்தது. சென்னைக் கடற்கரை போகிற வண்டி வந்ததும் பெண்கள் பெட்டியில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையசைத்தார். நானும் அசைத்தேன். வண்டி போனபிறகு, உள்ளே ஏதாவது அசைகிறதா என்று கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் என் வண்டி வருவதாக அறிவித்தார்கள். பையை எடுத்துக்கொண்டு பாலம் ஏறினேன்.