பதினொரு நாளும் நாற்பது பக்கமும்

கெண்ட் நகரத்து டிராமில் தினமும் காலையில் என்னோடு ஏறும் ஒரு மனிதருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கோட்டும் தொப்பியுமாக வருவார், உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்து விரிப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. எட்டிப் பார்ப்பதுமில்லை. பெல்ஜியத்துக்கு வந்து பதினேழு வருடம் ஆகியும் அந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை. எங்கள் ஊரில் நான் செய்த தொழிலுக்குப் பெயர் பொம்மை போடுவது. மதுரையில் ஒரு மாலைப் பத்திரிகையில் தினம் ஒரு கேலிச்சித்திரம் என்று பன்னிரண்டு வருடம் வரைந்தேன். அப்போதும் ஊருக்குப் போனால், "இன்னும் பொம்மதான் போடுதியா, வேற வேல ஒண்ணும் அமையலியா?" என்று அக்கறையோடுதான் கேட்பார்கள். இங்கே வந்த புதிதில் குடியேற்றப் பதிவு அலுவலகத்தில் என் தொழிலைச் சொன்னபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எழுந்து நின்று கை கொடுத்தாள்.

அதே பெண் எந்த ஊர் என்று கேட்டாள். கோவில்பட்டி என்றால் தெரியப்போவதில்லை. நாகலாபுரத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சிற்றூரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? கரிசலைச் சொல்லலாம் என்று, எங்கள் ஊரில் மண் கறுப்பு என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எந்தத் தொழிற்சாலைக் கழிவு, இப்போது சுத்தம் செய்துவிட்டார்களா என்று விசாரித்தாள். இல்லை, எப்போதுமே அப்படித்தான் என்றேன். ரொம்ப வருத்தம் என்றாள். என்னிடம் அப்போது இருந்த டச்சு அவ்வளவுதான். மண்ணின் பழியைத் துடைக்க அது போதவில்லை.

மதுரைப் பத்திரிகை கை மாறியதும் முதலில் நின்றது என் கட்டம். ஆறு மாதப் பயிற்சிக்கு என்று இங்கே வந்தவன், படித்து, ஆராய்ச்சி செய்து, ஒரு கலைப் பள்ளியில் படக்கதை எப்படி இயங்குகிறது என்று பாடம் சொல்பவனாக ஆகிவிட்டேன். தனிக்கட்டை. என்னை இங்கே நாலு பேருக்குத் தெரிய வைத்தது ஒரே ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது மூத்தவர் என் அண்ணன். அப்பா போன பிறகு காடும் வீடும் அவர் பொறுப்பு. காடு என்றால் எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலம். கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தடுத்து மூன்று வருடம் மேகம் ஏமாற்றியது. மூன்றாவது வருடம் மாசி மாதத்தில் ஒருநாள், காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய அண்ணன் வீடு திரும்பவில்லை. ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

செய்தி கேட்டு அடித்துப் பிடித்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதாவது நாள். உறவுக்காரர்கள் ஊர்க் கிணறுகளை எட்டிப் பார்த்து முடித்திருந்தார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவர் மணியாச்சி வரை தண்டவாள ஓரம் விசாரித்துவிட்டு வந்திருந்தார். அண்ணி, எங்கள் பக்கத்துப் பேச்சில் மயினி, மட்டும் அழாமல் இருந்தார். பன்னிரண்டாம் நாள் மத்தியானப் பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கினார். கை இரண்டையும் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "நீ எப்பல வந்தே?" என்றார். குளித்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். "வந்துட்டாவல்லா. ஒண்ணும் கேக்காதீய" என்று மயினி என்னிடம் சொன்னார். நானும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு ஊரில் இருந்த நாலு நாளும் அண்ணனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வெயிலில் கறுத்த அந்த முகம்.

கெண்டுக்குத் திரும்பியதும் அந்த முகத்தை வரைய ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. காணாமல் போன அந்தப் பதினொரு நாட்களை நாற்பது பக்கங்களில் வரைந்தேன். மணியாச்சி சந்திப்பின் நடைமேடையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வண்டி வருகிறது, போகிறது. அவர் எழுந்து தண்டவாளத்தின் விளிம்பு வரை போகிறார், திரும்ப வந்து உட்காருகிறார். மறுநாளும் அப்படியே. யாருக்கும் வசனம் கிடையாது, அண்ணனைப் பற்றி நான் எழுதிய சில வரிகள் மட்டும் அங்கங்கே. கடைசிப் பக்கத்தில் அவர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறுகிறார். 'பதினொரு நாள்' என்ற பெயரில் டச்சு மொழியில் அது வெளியானது. வாசித்தவர்கள் அழுதார்கள். அதை விளக்கி நான் ஒரு கட்டுரையும் எழுதினேன். வரைகிறவனுக்குத் தெரியாத இடம் வரும்போது அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது, தெரியாததை மெதுவாக வரைய வேண்டும், ஒரு நிமிடத்தை ஒன்பது கட்டமாக உடைக்க வேண்டும், அந்த நிதானம்தான் மரியாதை என்பது கட்டுரையின் சாரம். மாணவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். வேறு ஊர்களிலிருந்து பேசக் கூப்பிட்டார்கள். பள்ளியில் என் வேலை நிரந்தரமானது.

போன வருடம் ஒரு தமிழ்ப் பதிப்பாளர் அதைத் தமிழில் கொண்டுவர முன்வந்தார். முன்னோட்டமாக ஆறு பக்கங்களை ஓர் இதழில் வெளியிட்டார். என் பெயரும் ஊரும் அதில் இருந்தன. அச்சுக்குப் போகும் முன் மொத்தத்தையும் அண்ணனிடம் காட்டிவிட வேண்டும் என்று படிகளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். இத்தனை வருடமும் அது தோன்றவில்லை. அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தவரை அது எனக்கு வசதியாக இருந்தது.

வாசலிலேயே அண்ணன் மகள் பிடித்துக்கொண்டாள். கோவில்பட்டியில் பள்ளிக்கூட ஆசிரியை அவள்.

"சித்தப்பா, அந்த ஆறு பக்கம் எல்லார் ஃபோன்லயும் வந்துட்டு. அப்பாவும் பாத்துட்டாவ. ரெண்டு மாசமாச்சு."

"ஒண்ணும் சொல்லலியா?"

"எங்கள்ட்ட ஒண்ணும் சொல்லல. டீக்கடைக்குப் போறத மட்டும் விட்டுட்டாவ."

அண்ணன் கொல்லையிலிருந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, "கொண்டா, முழுசையும் பாப்பம்" என்றார். அவர் வாழ்நாளில் படக்கதை படித்ததில்லை. பக்கத்தின் இடது ஓரத்தில் ஆரம்பித்து, மேலிருந்து கீழாக இறங்கி, பிறகு மறுபடி மேலே போய் வலது ஓரத்தில் இறங்கினார். வரிசை தப்பு. அவருடைய வாசிப்பில், நடைமேடையில் இருப்பவர் உட்காரும் முன்பே எழுந்துவிடுகிறார், வண்டி வரும் முன்பே போய்விடுகிறது. வரிசை தப்பியும் அவருக்கு விஷயம் தப்பவில்லை. நாற்பது பக்கத்தையும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நான் தேர்வு எழுதியவனைப் போல எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசிப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏலே, நான் எதுக்குல மணியாச்சிக்குப் போனேன்?"

"அண்ணே, அது வந்து... நீங்க எங்க போனீங்கன்னு தெரியாதுல்லா. அதனால நானா..."

"தெரியலன்னா கேட்டிருக்கலாம்லா?"

மயினி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"நான் சாகப் போகல" என்றார் அண்ணன். "வேலைக்குப் போனேன். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக்கு. நம்ம காட்டுல களை எடுக்க வந்தவிய முன்னால நான் கூலிக்கு நிக்க முடியாது பாரு. அங்கன என்ன யாருக்குத் தெரியும்? பாத்தியில உப்பு வாருத வேலை. பதினோரு நாளும் ஒரு நாள்கூட சும்மா இருக்கல."

"பெறகு ஏன் வந்துட்டீங்க?"

அண்ணன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. "மழை பேஞ்சிட்டுல்லா! மாசியில, கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. வாரி வச்ச உப்பெல்லாம் கரைஞ்சு ஓடுது. இனி பத்து நாளைக்கு வேலை இல்ல, போங்கன்னுட்டாவ. மூணு வருசமா நம்ம காட்டுக்கு வராத மழை, அங்கன வந்து என் பொழப்பக் கெடுக்கு. எல்லாரும் ஓடி ஒதுங்குதாவ. நான் மட்டும் நின்னு நனைஞ்சேன். என்ன செய்ய? மழையாச்சே."

என்னுடைய நாற்பது பக்கங்களில் ஒரு சொட்டு மழை கிடையாது.

மயினி அப்போதுதான் வாயைத் திறந்தார். "கை ரெண்டும் உப்புல வெடிச்சு, பாளம் பாளமா இருந்துச்சு. சோறு பிசைய முடியாம கரண்டியில சாப்பிட்டாவ. நீங்க எதுக்கதான இருந்தீய?"

ஆமாம், எதிரில்தான் இருந்தேன். மனிதனின் குணம் கையில்தான் தெரியும், முகத்துக்கு முன்னால் கையைப் பாருங்கள் என்று வருடா வருடம் முதல் வகுப்பில் சொல்பவன் நான். அந்த நாலு நாளில் நான் அவருடைய கையைப் பார்க்கவே இல்லை. முகத்தில் ஒரு சோகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், அது போதும் என்று இருந்துவிட்டேன். படிகளை வாங்கிப் புரட்டினேன். நடைமேடையில் உட்கார்ந்திருப்பவரின் கைகள் ஒவ்வொரு பக்கத்திலும் வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், மடியில் கிடந்தன. அவை என்னுடைய கைகள்.

"டீக்கடையில ஒருத்தன், 'மனச விட்டுராதீய அண்ணாச்சி'ங்கான்" என்றார் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "இன்னொருத்தன் பேச்சையே நிறுத்திட்டு என்னையப் பாவமா பாக்கான். நான் சாகப் போகலன்னு சொல்லணும்னா உப்பளத்தச் சொல்லணும். எதச் சொல்ல? எனக்கு ரெண்டும் பிடிக்கல."

"அண்ணே, நடந்தத வரைஞ்சு திருத்திப் போட்டுருதேன். நீங்க விவரமாச் சொன்னா..."

"சொல்லியாச்சுல்லா. நீ கேட்டே, நான் சொன்னேன். அம்புட்டுதான். இது வரையதுக்குச் சொன்னது இல்ல. தமிழ்ல இது வரவேண்டாம்ல. அங்க உள்ளவியளுக்கு என்னையத் தெரியாது, அவிய என்னமும் படிச்சுட்டுப் போறாவ. இங்கன நான் நடமாடணும்."

பதிப்பாளருக்கு அன்றைக்கே எழுதினேன். நல்ல மனிதர். வருத்தப்பட்டாலும் நிறுத்திவிட்டார். அந்தப் பயணத்தில் மிச்சம் இருந்த நாட்களில் அண்ணன் என்னிடம் கோபமாகப் பேசவில்லை, காட்டுக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் நான் நோட்டை எடுத்து வேலிக்கருவை முள்மரத்தை வரைய உட்கார்ந்தபோது அவர் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

கெண்டுக்கு வந்து என் டச்சுப் பதிப்பகத்தின் பதிப்பாசிரியையைப் பார்த்தேன். இந்தப் புத்தகம் உண்மை இல்லை, இனி அச்சிட வேண்டாம் என்றேன். உண்மை இல்லை என்று நான் சொன்னதை அவள் ஒரு தத்துவமாக எடுத்துக்கொண்டாள். உற்சாகமாகத் தலையாட்டினாள். என் கட்டுரையை அலமாரியிலிருந்து எடுத்து, தெரியாததை மெதுவாக வரைவதுதான் மரியாதை என்ற வரியை எனக்கே படித்துக் காட்டினாள். அதை எழுதியவன் ஒரு மடையன் என்று சொல்ல எனக்கு டச்சு தெரியும். சொல்லியும் பார்த்தேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தாள். ஒப்பந்தத்தின்படி மறுபதிப்பு அவர்கள் உரிமை. வக்கீலிடம் போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. அந்தக் கட்டுரையைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது எழுத்து வடிவமும் கட்டம் பிரிப்பதும் மட்டும்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஏன் என்று மாணவர்கள் கேட்டால், வயதாகிவிட்டது என்கிறேன்.

இந்த ஐப்பசியில் அண்ணனிடம் ஃபோனில் கேட்டேன், இதையெல்லாம் எழுதட்டுமா என்று.

"படம் போடுவியா?"

"இல்லண்ணே. வெறும் எழுத்து."

"எழுது. பேரு போடாத. சாகப் போகல, வேலைக்குப் போனாருன்னு எழுது." பிறகு அவராகவே சொன்னார், "உப்பளம்னே எழுது. போகட்டும். பாவம்னு பாக்கதவிட அது மேலு." அதோடு பேச்சை மாற்றி, மழை தப்பாமல் இறங்கிவிட்டது, உளுந்து முளைத்துவிட்டது என்றார்.

போன வாரம் இங்கே ஒரு நூலகத்தில் வாசகர் சந்திப்பு. மறுபதிப்புக்காக அவர்கள் ஏற்பாடு செய்தது. மறுக்கத் தெம்பில்லாமல் போனேன். எல்லாரும் கலைந்த பிறகு வயதான ஓர் அம்மாள் புத்தகத்தோடு வந்தார். உங்கள் ப்ரூர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் இந்த மொழியில் அந்த ஒரே சொல்தான். கேட்கும்போதே அவருக்குக் கண் கலங்கியது. நன்றாக இருக்கிறார், விதைத்துவிட்டார், உளுந்து முளைத்திருக்கிறது என்றேன். எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள் என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அழகாக ஒன்றும் சொல்லவில்லை அம்மா, உளுந்தைத்தான் சொன்னேன் என்று விளக்கத் தொடங்குவதற்குள் அவர் புத்தகத்தை நீட்டினார்.

கையெழுத்துக் கேட்டார். முதல் பக்கத்தில் வேண்டாம், இங்கே என்று நடைமேடைப் பக்கத்தை விரித்தார். உங்கள் எழுத்திலேயே போடுங்கள் என்றார். மணியாச்சியின் பெயர்ப்பலகைக்குக் கீழே, அண்ணன் ஒருநாளும் உட்கார்ந்திராத அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில், அண்ணன் படிக்கக்கூடிய ஒரே எழுத்தில் என் பெயரை எழுதினேன். மை பரவிவிடாமல் இருக்க அந்த அம்மாள் குனிந்து, மெதுவாக ஊதி, அதைக் காயவைத்தார்.