ஒவ்வொன்றாகத்தான் மாற்றுவாள்

என் மருமகளைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மாமியார் வாயிலிருந்து மருமகளுக்குப் புகழ்ச்சியா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவளை என் மகன் கொண்டுவந்து என்னிடம் காட்டவில்லை. நான்தான் பார்த்துப் பிடித்து அவனிடம் காட்டினேன். ஆகவே பெருமைப்பட எனக்குத்தான் முதல் உரிமை.

தையல் கம்பெனியில் என் பக்கத்து மெஷின் அவளுடையது. ஒருநாள் என் மெஷின் தையலைத் தாண்டிக்கொண்டே போனது. சூப்பர்வைசர் கத்துகிறார், நான் அவரைவிட உரக்கக் கத்துகிறேன், ஆளாளுக்கு வந்து ஒரு திருகாணியைத் திருகிவிட்டுப் போகிறார்கள். இவள் எழுந்து வந்தாள். அவர்கள் திருகியதையெல்லாம் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். ஊசியை மட்டும் மாற்றித் துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தாள். சரியாகவில்லை. பிறகு நூலை மட்டும் மாற்றி ஓட்டினாள். தையல் ஒழுங்காக விழுந்தது.

“ரெண்டையும் சேர்த்து மாத்தியிருந்தா, எதால சரியாச்சுன்னு தெரிஞ்சிருக்காதுக்கா” என்றாள். அப்போது நான் அவளுக்கு அக்கா. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மகனிடம், உனக்குப் பெண் பார்த்துவிட்டேன், போய்ப் பேசிப் பார், அவளுக்கு உன்னைப் பிடிக்காவிட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, பிடித்துவிட்டது.

பிறகு கம்பெனியை மூடினார்கள். நான் வீட்டிலேயே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டேன். அவளோ, இனிமேல் சுவரைப் பார்த்து உட்காருகிற வேலை வேண்டாம் என்று சொல்லி, வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் கடையில் சேர்ந்தாள். சொந்த வண்டி வேண்டும் என்றார்கள். என் மகனுடைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். அவனுக்கு முடிதிருத்தும் கடை தெருமுனையிலேயே இருக்கிறது, நடந்தே போவான். படுக்கையில் கிடப்பவர்கள், வெளியே வர முடியாதவர்கள் எல்லாரும் இவள் வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருப்பார்கள். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. சாயங்காலம் வந்து, இன்றைக்கு எந்தத் தெருவுக்குப் போனேன் தெரியுமா அத்தை என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

சனியன், வண்டி அப்போதா வம்பு பண்ண வேண்டும்? காலையில் மிதி மிதியென்று மிதித்தால்தான் கிளம்பும். கிளம்பி நாலு தெரு தாண்டினால் மூச்சை விட்டுவிடும். பிறகு கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். மூலைக்கடை மெக்கானிக் ப்ளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஏர் ஃபில்டரையும் மாற்றினார். எல்லாம் ஒரே மூச்சில். கடை வாசலில் குதிரை மாதிரி நின்று உறுமியது. நாலு தெரு தாண்டியதும் பழைய குருடி கதவைத் திறடி. தெருவில் உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? பெட்ரோலில் கலப்படம் என்றார் ஒருவர். பொம்பளை மிதித்தால் அப்படித்தான் என்றார் எதிர்வீட்டுக்காரர். அவரையே கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். அன்றிலிருந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பாமலே போய்க்கொண்டிருந்தார்.

மருந்துக்கடை மேலாளர் பொறுத்துப் பார்த்தார். அவள் இன்னும் சோதனைக் காலத்தில்தான் இருந்தாள். நாளைக்கும் தாமதமானால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும், மருந்து நேரத்துக்குப் போக வேண்டுமில்லையா என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று இவளே சொன்னாள். அன்று சாயங்காலம் எந்தத் தெருவைப் பற்றியும் அவள் பேசவில்லை.

மறுநாள் நானும் வருகிறேன் என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மேலாளரிடம் நாலு வார்த்தை கேட்கலாம் என்பது என் கணக்கு. “நீங்க பேசினா இருக்கிற வேலையும் போயிடும் அத்தை” என்று சிரித்தபடியே கிளப்பினாள். பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், சொல்லிவைத்தாற்போல வண்டி விக்கியது, இழுத்தது, நின்றது. மணி ஆகிக்கொண்டிருந்தது. வாடகை வண்டி பிடி என்றேன். ப்ளக்கைக் கழற்று என்றேன். தள்ளுகிறேன், கியரைப் போடு என்றேன்.

“அத்தை, ஒரு நிமிஷம் பேசாம இருங்க.”

எங்கள் வீட்டில் என்னை வாயை மூடு என்று சொல்லும் ஆள் இதுவரை பிறக்கவில்லை. ஆனால் அவள் குரலில் கோபம் இல்லை. தையல் கம்பெனியில் கேட்ட அதே குரல். பேசாமல் இருந்துவிட்டேன்.

கிக்கரை அவள் தொடவே இல்லை. இத்தனை நாளும் நடந்ததை மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது, அப்போதுதான் சொன்னாள். வழியில் நின்றபோதெல்லாம் ப்ளக்கைத் துடைத்தால் கிளம்பவில்லை. ஆறவிட்டாலும் கிளம்பவில்லை. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்கைத் திறந்து எட்டிப் பார்த்த நாட்களில் மட்டும் கிளம்பியிருக்கிறது. மெக்கானிக் கடையிலும் டேங்க் மூடி திறந்துதான் கிடந்ததாம். அதனால் இன்றைக்கு அதை மட்டும் செய்து பார்க்கிறேன், வேறு எதையும் தொடமாட்டேன் என்றாள்.

சாவியைப் போட்டு மூடியைத் திருகினாள். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். நானும் கேட்டேன். ரொம்ப நேரம் மூச்சை அடக்கியிருந்த ஆள் காற்றை உள்ளே இழுக்கிற மாதிரி இருந்தது. கிக்கரை ஒரு மிதி மிதித்தாள். வண்டி உயிர் பெற்றது. உடனே அணைத்துவிட்டாள். ஓடுகிற வண்டியை ஏனடி அணைத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடியில் சின்னதாக ஒரு துளை இருக்குமாம். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்கு அது வழியாகத்தான் காற்று போக வேண்டுமாம். காற்று போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அந்தத் துளை முழுக்க வெள்ளையாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். பாலிஷ்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெண்டாட்டி வேலைக்குப் போகிற வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று, தினமும் கடையை மூடிவிட்டு வந்து பாலிஷை அப்பி அப்பித் தேய்ப்பவன் யார்? நான் பெற்ற பிள்ளைதான். டேங்க் மூடியில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. ஆசையிலேயே மூச்சு முட்ட வைத்துவிட்டான் பாவி.

“அத்தை, பையில ஊசி இருக்கா?”

“ஊசி இல்லாம நான் எங்கடி போயிருக்கேன்?”

மெஷின் ஊசி, தடித்த துணிக்குப் போடுவது. எடுத்துக் கொடுத்தேன். குத்தினாள், ஊதினாள், மறுபடி குத்தினாள். துளை வழியாக வானம் தெரிந்தது. மூடியை இறுக்கிப் பூட்டினாள். ஒரு மிதி. பாலம் ஏறினோம், இறங்கினோம், சந்தையைச் சுற்றிப் போனோம். வழி நெடுக, இப்போது நின்றுவிடுமோ, இப்போது நின்றுவிடுமோ என்று அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தேன். நிற்கவில்லை. கடை ஷட்டரை மேலாளர் அப்போதுதான் தூக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையையும் விழுங்கிவிட்டு வணக்கம் மட்டும் சொன்னேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

சாயங்காலம் மகனை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. தெருவில் நாலு பேர் இருக்கும்போது வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். உள்ளே போன பிறகு அவளே சொன்னாள். அவன் முகம் சுருங்கிவிட்டது. துணியையும் பாலிஷ் டப்பாவையும் எடுத்துப் பரண் மேல் வைக்கப் போனான்.

“ஏங்க, அதை ஏன் மேல வைக்கிறீங்க? நாளைக்கும் நீங்கதான் துடைக்கணும். பளபளன்னு போனாதான் எனக்கும் பெருமை. துடைச்சு முடிச்சதும் இந்த ஊசியை ஒரு தடவை விட்டு எடுத்துடுங்க, அவ்வளவுதான்.”

என் ஊசி அவன் கைக்குப் போயிற்று. வண்டியின் டூல் பையில் இன்றைக்கும் அது இருக்கிறது.

மருந்துக்கடையில் அவள் வேலையை நிரந்தரமாக்கி, கடைக் கோட்டும் கொடுத்தார்கள். முதுகில் கடை பெயர் பெரிதாக இருந்தது. ஆம்பளை அளவு, போட்டுப் பார்த்தால் அவள் விரல்கூட வெளியே தெரியவில்லை. கழற்றுடி என்று வாங்கி மெஷினில் போட்டேன். தடித்த துணி, மெஷின் தையலைத் தாண்டியது. எனக்குக் கோபம் வந்து இந்தத் திருகாணியையும் அந்தத் திருகாணியையும் பிடிக்கப் போனேன்.

பின்னால் நின்றவள் சொன்னாள்: “அத்தை, ஊசியை மட்டும் மாத்துங்க.”

மாற்றினேன். தையல் ஒழுங்காக விழுந்தது. கையைக் குறைத்து, தோளைப் பிடித்து, அவள் அளவுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு வாசலில் வண்டியைக் கிளப்பினாள். ஒரே மிதிதான். எதிர்வீட்டுக்காரர் முட்டியைத் தடவிக்கொண்டே, எந்த மெக்கானிக் பார்த்தார் என்று என்னிடம் கேட்டார்.

“அதோ போறா பாருங்க” என்றேன்.