அட்டைக் கடி

தொண்ணூறுகளின் கடைசியில், அக்காவின் இதயம் தாளம் தவறித் துடிப்பதை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். துடிப்பை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகாமலிருக்க இன்னொன்று. இரண்டையும் நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர்.

றக்வானயில் எங்கள் தோட்டத்தில் மழை தொடங்கியதும் தேயிலைக்குள் அட்டைகள் பெருகின. முன்பு சுண்ணாம்பு வைத்தால் நின்றுவிடும் இரத்தம், இப்போது அக்கா கொழுந்து பறித்து லயத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கணுக்காலில் வழிந்தது.

"என்னா புள்ள, அட்டைக்கெல்லாம் விருந்து வைக்கிறியா?" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. "நெஞ்சுதான் அடங்கிருச்சே தம்பி. மழை விடுற வரைக்கும் இந்த ரத்த மாத்திரய நிப்பாட்டுறேன்" என்றாள்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிப்பாட்டுங்கக்கா" என்றேன்.

"மழை விடட்டும், போயி கேப்போம்."

சில நாட்களில் கடிவாய்கள் உலர்ந்தன. நெஞ்சும் அமைதியாகவே இருந்தது. ஒரு காலை, கூடையை எடுக்கப்போன வலது கை பாதியிலேயே தொங்கிவிட்டது. வாய் கோணியது.

அக்கா பிழைத்துக்கொண்டாள், பேச்சு திரும்பவில்லை. மழைச் சத்தம் கேட்டால் இடது கையால் கணுக்காலைத் தடவி, விரலைக் கண்ணருகே கொண்டுவந்து பார்ப்பாள். விரலில் ஒன்றும் இருக்காது. மறுபடியும் தடவுவாள்.