சாமிக்குக் காய்ச்சல்

அந்தோனியம்மா நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவர். டிக்கோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களின் லய வீடுகளில் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டியே தலை நரைத்தவர். ஆனாலும் தோட்டத்துச் சாமியார் வீட்டில் பட்ட எரிச்சலை அவர் வேறெங்கும் பட்டதில்லை. சாமியார் காய்ச்சலில் கொதித்துக்கொண்டிருக்க, பக்தர்கள் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

“மூத்திரத்துல கிருமி ஏறியிருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

“நம்ம நோவையெல்லாம் சாமி வாங்கிக்கிட்டாருக்கா,” என்றார் மூத்த பக்தர் யோகேஸ்வரன். “மண்சரிவுல லயம் பொதஞ்ச அன்னிக்கி எங்க எல்லாரையும் பஜனைக்குக் கூப்பிட்டு உசுரக் காப்பாத்துனவரு.”

“தனியா இருக்கப் பயமா இருந்திச்சு, கூப்பிட்டேன்டா,” என்று முனகினார் சாமியார். “டாக்டர்கிட்ட கொண்டுபோ.”

யோகேஸ்வரன் கண்ணீரோடு கும்பிட்டார். “பாத்தீங்களாக்கா? தெய்வம்னா இப்படித்தான் தன்ன ஒளிச்சுக்கும்.”

வாதாடிக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார்.

“சாமியே டாக்டர்கிட்ட போகணும்னு உத்தரவு போட்டுட்டாரு. மீறுவீங்களா?” என்று அதட்டினார் அந்தோனியம்மா. உடனே தூக்கினார்கள்.

ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியது. வார்டு வாசலில் யோகேஸ்வரன் பூரித்து நின்றார்.

“ஆஸ்பத்திரி சனங்களுக்குத் தரிசனம் குடுக்கத்தான் சாமி வந்திருக்காருக்கா!”

அந்தோனியம்மா சாமியாரின் மூத்திர வேட்டியை யோகேஸ்வரன் கையில் திணித்தார். “தொவச்சிக் கொண்டாங்க.”

யோகேஸ்வரன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.